செத்த போர்டை எழுப்பிய 132 பைட்

ரெண்டு வாரமா இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கலை. ஆணி அதிகம். அதுவும் சாதாரண ஆணி இல்லை, தீசிஸ் ஆணி. இன்னைக்கு வந்திருக்கறது ஒரு பாவத்தை ஒத்துக்கொள்ளவும், அந்தப் பாவத்திலிருந்து என்னைக் காப்பாத்தின ஒரு பழைய சரித்திரத்தைச் சொல்லவும்தான்.

பாவம் இதுதான். போன வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, லேப்ல இரவல் வாங்கின ஒரு போர்டை நான் கொன்னுட்டேன். மார்வெல் கிர்க்வுட் சிப் போட்டது. 2009-இல் 99 டாலருக்கு ஷீவாபிளக்னு ஒண்ணு வந்ததே, சார்ஜர் மாதிரி சுவத்துல சொருகற குட்டிக் கம்ப்யூட்டர், அந்தக் குடும்பம். தூக்கிப் போடவேண்டிய இந்த மாதிரிப் பெட்டிகளுக்குப் புது லினக்ஸ் ஏத்தி மறுபடி வேலை வாங்க முடியுமான்னு பார்க்கறதுதான் என் தீசிஸ். ப்ளாஷ்ல ஒரு பகுதியை அழிக்கறதுக்குக் கட்டளை அடிச்சேன். முகவரியில ஒரு சைபரை விட்டுட்டேன். அழிஞ்சது நான் நினைச்ச பகுதி இல்லை, பூட்லோடர். ரீஸ்டார்ட் பண்ணினா திரையில ஒரு எழுத்து வரலை. லேப்ல இருந்தது அந்த ஒரே போர்டு. திங்கள் காலையில டெமோ.

எனக்கு ரெண்டு பேட்ச் சீனியர், கோயம்புத்தூர்க்காரர், இப்போ ஜெர்மனியிலேயே வேற ஊர்ல வேலை பார்க்கறார். அவருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "ப்ளாஷ்தான கண்ணு போச்சு, ரோம் உள்ளயேதான இருக்கு? அதுகிட்ட சீரியல்ல நேரா பேசிப் பாரு"ன்னார். அவர் சொன்ன கருவி கேடபிள்யூ-பூட். கட்டளை வரியில் ஓடற சின்ன நிரல். 2012-இல் யு-பூட் மூலநிரலோட சேர்ந்தது. அது என்ன செய்யுதுன்னு படிக்கப் போய்த்தான் இந்தப் பதிவே.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

கம்ப்யூட்டருக்கு முதல் நிரலை யார் ஊட்டறது? இது பழைய தலைவலி. நிரல் ஏத்தணும்னா ஏத்தறதுக்கு ஒரு நிரல் வேணும், அதை ஏத்த இன்னொண்ணு வேணும். 1965-இல் வந்த பிடிபி-8 எந்திரத்துல மனுஷன்தான் கையால ஊட்டினான். முன்பக்கப் பலகையில இருக்கற சுவிட்சுகளை மேலயும் கீழயும் தட்டி, ஒன்றரை டஜன் கட்டளைகளை ஒவ்வொண்ணா நினைவகத்துல போடணும். அதுக்கப்புறம்தான் டெலிடைப்ல இருக்கற காகித நாடாவைப் படிக்கற அளவுக்கு எந்திரத்துக்கு அறிவு வரும்.

பத்து வருஷம் கழிச்சு, 1975-இல், ஆல்டெர் 8800 வந்தப்பவும் இதே கதை. பில் கேட்ஸும் பால் ஆலனும் அதுக்கு பேசிக் எழுதினாங்க இல்லையா? செஞ்சு காட்ட ஆல்புகர்கிக்கு ப்ளைட்ல போயிட்டிருக்கும்போதுதான் ஆலனுக்கு உறைச்சதாம், நாடாவைப் படிக்கற துவக்க நிரலை எழுதவே இல்லைன்னு. ப்ளைட் இறங்கறதுக்குள்ள அதை எழுதி முடிச்சார். அந்தக் காலத்து டெலிடைப் விநாடிக்குப் பத்து எழுத்துதான் படிக்கும். 4 கிலோபைட் பேசிக் உள்ளே போக ஏழு நிமிஷம். டெமோவுக்கு முந்தி பூட்லோடர் இல்லாம முழிச்சவன் நான் மட்டும் இல்லைன்னு தெரிஞ்சப்ப ஒரு அற்ப சந்தோஷம் :-)

கம்பி விஷயம் அதுக்கும் முந்தியே தீர்ந்துபோச்சு. டெர்மினலையும் மோடத்தையும் இணைக்க ஆர்எஸ்-232ன்னு ஒரு தரத்தை அமெரிக்காவுல 1960-இல் கொண்டு வந்தாங்க. ஒரு பிட்டுக்குப் பின்னாடி ஒரு பிட், ரேஷன் கடை வரிசை மாதிரி. இன்னைக்கு எங்க லேப்ல இருக்கறது யுஎஸ்பி கேபிள், 12 வோல்ட் போய் 3.3 வோல்ட் வந்தாச்சு. ஆனா வரிசை அதே வரிசைதான்.

கம்பியில சத்தம் கலந்து எழுத்து மாறிப்போச்சுன்னா? காகித நாடாக்காரங்க திரும்ப ஓட்டிப் பார்ப்பாங்க. தொலைபேசிக் கம்பியில அது நடக்காது. இங்கதான் நம்ம கதாநாயகர் வர்றார். வார்ட் கிரிஸ்டென்சன். சிகாகோ பக்கம், ஐபிஎம்ல வேலை. 1977-இல், வீட்டுக் கம்ப்யூட்டர் வெச்சிருந்த நண்பர்களோட கோப்பு பரிமாறிக்கறதுக்காக மோடெம்னு ஒரு நிரல் எழுதினார். அதோட பேச்சு முறைதான் பின்னால எக்ஸ்மோடெம் ஆச்சு. திட்டம் போட்டு எழுதலை, தன் தேவைக்கு அவசரத்துல செஞ்சதுன்னு அவரே சொல்லியிருக்கார்.

முறை இவ்வளவுதான். கோப்பை 128 பைட் துண்டுகளா வெட்டு. (ஏன் 128? அவர் பயன்படுத்தின சிபி/எம்ல வட்டிலிருந்து ஒரு தடவை படிக்கற அளவு அது.) ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால மூணு பைட்: ஆரம்பக் குறி, துண்டின் எண், அந்த எண்ணை 255-இலிருந்து கழிச்சது. கடைசியில ஒரு பைட், 128-ஐயும் கூட்டின தொகையோட அடி மிச்சம். மொத்தம் 132. வாங்கறவன் கூட்டிப் பார்ப்பான். சரியா இருந்தா "வந்தாச்சு"ங்கற குறி, எண் 6. தப்பா இருந்தா "வரலை", எண் 21. வரலைன்னா அதே துண்டு மறுபடி. அவ்வளவுதான், சுபம்.

எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு உண்டு. பேச்சை ஆரம்பிக்கறது அனுப்பறவன் இல்லை, வாங்கறவன். ஒண்ணுமே வராத நிலையிலும் அவன்தான் முதல்ல 21-ஐ அனுப்புவான். "இன்னும் வரலை." அதைக் கேட்டப்புறம்தான் முதல் துண்டு கிளம்பும். பசிச்ச குழந்தை அழறது மாதிரி.

கிரிஸ்டென்சன் இதுக்குக் காசு கேட்கலை, எல்லாருக்கும் சும்மா கொடுத்தார். அடுத்த வருஷமே, 1978 பிப்ரவரி 16-ஆம் தேதி, சிகாகோவை மூடின பனிப்புயலுக்குப் பின்னால, ராண்டி சூஸோட சேர்ந்து சிபிபிஎஸ்ங்கற முதல் கணினி அறிவிப்புப் பலகையையும் திறந்தார். நம்மளை மாதிரி ஆளுங்க எழுதிக் குவிக்கறதுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அது.

எக்ஸ்மோடெத்தைத் திருத்தினவங்க நிறைய. 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஃப்ராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் தனியா கெர்மிட் செஞ்சாங்க. பெரிய கம்ப்யூட்டர்ல மாணவர்களுக்குக் கொடுக்க இடம் இல்லை, அதனால அவங்கவங்க கோப்பை ப்ளாப்பியில எடுத்துட்டுப் போகட்டும்னு ஆரம்பிச்ச வேலை. பேர் அந்த பொம்மைத் தவளையோடதுதான். 1986-இல் சக் ஃபோர்ஸ்பெர்க் ஜெட்மோடெம் கொண்டு வந்தார், இன்னும் வேகம்.

அப்புறம் இன்டர்நெட் வந்து எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போச்சுன்னுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா எம்பெடெட் உலகத்துல எதுவும் சாகறதில்லை. 8எக்ஸ்எக்ஸ்ரோம்னு ஆரம்பிச்ச ஒரு பூட்லோடரை ஜெர்மனியோட வுல்ஃப்காங் டெங்க் 2000-இல் பிபிசிபூட்னு மாத்தி வெளியிட்டார். சோர்ஸ்ஃபோர்ஜ்ல திட்டத்தோட பேர் எண்ணில் ஆரம்பிக்கக் கூடாதாம்! அதுவே 2002 நவம்பர்ல யு-பூட் ஆச்சு. அதுல லோட்எஸ்னு ஒரு கட்டளை இருக்கு, 1970-களோட மோட்டோரோலா எஸ்-ரெகார்டைப் படிக்க. லோட்பி, கெர்மிட்டுக்கு. லோட்ஒய், எக்ஸ்மோடெத்தோட தம்பி ஒய்மோடெத்துக்கு. கீழடியில குழி தோண்டின மாதிரி அடுக்கடுக்கா இருக்கு.

இன்னும் கீழே போனா சிப்போட ரோம். தொழிற்சாலையில பதிச்சது, அப்புறம் யாராலயும் மாத்த முடியாது, அழிக்கவும் முடியாது. இடமும் ரொம்பக் கம்மி. அங்கே எதை வைக்கலாம்? கூட்டல் தெரிஞ்சா போதும்ங்கற அளவுக்கு எளிமையா, யார்கிட்டயும் அனுமதி கேட்காம எடுத்துக்கக் கூடியதா ஒண்ணு வேணும். அதனால பல சிப் கம்பெனிங்க எடுத்து வெச்சது 1977-ஓட எக்ஸ்மோடெத்தை. 2011-இல் வந்த பீகிள்போன் வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், அட்டை இல்லாம ஆன் பண்ணினா சீரியல் திரையில "சி" எழுத்தா வரிசையா ஓடும். போர்டு உளறுதுன்னு நினைச்சேன் முந்தி. இல்லை, அது எக்ஸ்மோடெத்தின் பிந்தைய வடிவத்துல "அனுப்பு"ன்னு கேட்கறது.

கிர்க்வுட் வாய்விட்டுக் கேட்காது, முதல்ல நாமதான் கதவைத் தட்டணும். மின்சாரம் வந்ததும் கொஞ்ச நேரம்தான் காது கொடுக்கும். அதுக்குள்ள எட்டு எண் போகணும்: 187, 17, 34, 51, 68, 85, 102, 119. எல்லாமே பதினேழாம் வாய்ப்பாடு! கேடபிள்யூ-பூட் இதையே விடாம அனுப்பிக்கிட்டிருக்கும். அதை முதல்ல ஓட விட்டுட்டு, அப்புறம்தான் போர்டை ஆன் பண்ணணும். நான் மூணு தடவை மாத்திச் செஞ்சுட்டு, வேலை செய்யலைன்னு சீனியருக்கு மறுபடி போன் போட்டுத் திட்டு வாங்கினது தனிக் கதை.

நாலாவது தடவை, ராத்திரி ஒண்ணே கால் மணிக்கு, செத்த போர்டுலேர்ந்து ஒரு பைட் வந்தது. 21. "இன்னும் வரலை."

அதுக்கப்புறம் திரையில புள்ளி புள்ளியா ஓட ஆரம்பிச்சது. அரை மெகாபைட்னா 4096 துண்டு. விநாடிக்கு 115200 பிட்ல ஒரு நிமிஷத்துக்குப் பக்கம். 100 சதவீதம். யு-பூட் எட்டிப் பார்த்தது. நினைவகத்துல ஓடறப்பவே ப்ளாஷ்ல திரும்ப எழுதினேன், இந்தத் தடவை சைபரை மூணு முறை எண்ணிப் பார்த்து. திங்கட்கிழமை டெமோ சுமாரா முடிஞ்சது. ப்ரொபசருக்கு இந்தக் கதை தெரியாது.

வீட்டுக்கு வந்து படிச்சப்பதான் தெரிஞ்சது, கிரிஸ்டென்சன் 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இறந்துட்டார். 1977-இல் அவர் நண்பர்களுக்காக அவசரத்துல எழுதின ஒண்ணு, என்னை மாதிரி யாரோ ஒருத்தன் போர்டுக்குள்ள, அழிக்க முடியாத இடத்துல, கேட்டுக்கிட்டே இருந்திருக்கு.

என் தீசிஸ்ல இந்தப் போர்டுகளுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுசுன்னு ஒரு அத்தியாயம் இருக்கு. கெபாசிட்டர், ப்ளாஷ் தேய்மானம்னு எழுதி வெச்சிருந்தேன். ஒரு பத்தி சேர்க்கணும். எழுதினவங்க பூட்டி வைக்காம விட்டதும் ஆயுசுலதான் சேர்த்தி.

பி.கு: போர்டை அழிக்கறதுக்கு முந்தி சைபரை எண்ணுங்க மக்களே.