கோழித் தொழிலாளரும் பறவை வைரஸ்களும்

கோழி, வாத்து, வான்கோழி, காடை முதலிய பறவைகளை வளர்ப்போர், பிடிப்போர், அறுப்போர், அவற்றுக்கு மருத்துவம் பார்ப்போர் ஆகியோருக்குப் பறவை வைரஸ்களோடு ஏற்படும் தொடர்பு, தொழில்சார் உடல்நலச் சிக்கல்களுள் ஒன்று. இவ்வைரஸ்களில் பெரும்பாலானவை மனித உடலில் நிலைகொள்வதில்லை. சில கண் சிவப்போடு அடங்கிவிடுகின்றன. பறவைக் காய்ச்சல் வைரஸ்களில் சில வகைகள் உயிரையே பறிக்கக்கூடியவை.

உடலை அடையும் வழிகள்

நோயுற்ற பறவையின் எச்சத்திலும் மூக்கு, வாய்க் கசிவுகளிலும் வைரஸ் வெளியேறுகிறது. கொட்டகைத் தரையில் பரப்பிய ஆழ்கூளத்தைக் கிளறி அள்ளும்போது காய்ந்த எச்சம் தூசியாகிக் காற்றில் கலக்கிறது. அறுப்பு, இறகு உரித்தல், குடல் எடுத்தல் ஆகிய வேலைகளில் நுண்துளிகள் தெறிக்கின்றன. இவ்வேலைகளைச் செய்த கையால் கண்ணைத் தேய்த்தாலும் தொற்று ஏற்படலாம். ஆகவே ஒரே பண்ணையிலும் ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல. இறந்த கோழிகளை அகற்றுபவருக்கும் கொட்டகையைத் துப்புரவு செய்பவருக்கும் அது மிகுதி.

பறவைக் காய்ச்சல் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதரின் நுரையீரல் ஆழத்திலும் கண் வெண்படலத்திலும் உள்ளன. மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. எனவே தொற்று சிலருக்குக் கண்ணழற்சியாகவும் சிலருக்குக் கடும் நிமோனியாவாகவும் வெளிப்படுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் பரவுவதும் இல்லை.

வெள்ளைக் கழிச்சல் வைரஸ்

இந்தியாவில் ராணிக்கேத் நோய் எனவும் பிற நாடுகளில் நியூகாசில் நோய் எனவும் அறியப்படும் வெள்ளைக் கழிச்சல், கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது. மனிதருக்கும் இது தொற்றும் என்பதை ஆய்வகப் பணியாளர் ஒருவரின் நோயைக் கொண்டு ஆஸ்திரேலிய அறிவியலாளர் பர்னெட் 1943-இல் பதிவு செய்தார். கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவோரிடமும் அறுப்புக்கூடத் தொழிலாளரிடமும் இது கண்ணழற்சியை உண்டாக்கும். பெரும்பாலும் சிகிச்சையின்றியே குணமாகிவிடும்.

பறவைக் காய்ச்சல்

1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் 18 பேரைத் தாக்கியது. 6 பேர் இறந்தனர். ஆண்டு இறுதியில் அங்கிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் அழிக்கப்பட்டன. பின்னர் நடந்த குருதிச் சோதனையில், கோழித் தொழிலாளரில் சுமார் 10 விழுக்காட்டினரிடமும், அழிப்புப் பணியில் ஈடுபட்ட அரசு ஊழியரில் சுமார் 3 விழுக்காட்டினரிடமும் இவ்வைரஸுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. மருத்துவமனைக் கணக்கில் வராத தொற்றுகள் பல இருந்திருக்கும் என்பதை இது காட்டியது.

2003-இல் நெதர்லாந்தில் எச்7என்7 பரவியபோது சுமார் 3 கோடிப் பறவைகள் அழிக்கப்பட்டன. 89 பேருக்குத் தொற்று உறுதியானது; பெரும்பாலோருக்குக் கண்ணழற்சி மட்டுமே. கால்நடை மருத்துவர் ஒருவர் நிமோனியாவால் இறந்தார். தொழிலாளரின் வீட்டார் மூவருக்கும் தொற்று பரவியிருந்தது.

சீனாவில் 2013-இல் தோன்றிய எச்7என்9, கோழிகளிடம் நோய்க்குறி ஏதும் காட்டாமல் பரவியதால், உயிர்க்கோழிச் சந்தைகளில் மனிதர் நோயுற்ற பிறகே கவனத்துக்கு வந்தது. 2020 டிசம்பரில் ரஷ்யப் பண்ணை ஒன்றின் தொழிலாளர் ஏழு பேரிடம் எச்5என்8 வைரஸ் கண்டறியப்பட்டது. மனிதரிடம் அவ்வகை காணப்பட்டது அதுவே முதல்முறை.

இந்தியக் கோழிப் பண்ணைகளில் எச்5என்1 முதலில் உறுதியானது 2006-இல், மகாராஷ்டிரத்தின் நவாபூரில். இந்நோயால் இந்தியாவில் பதிவான முதல் மனித இறப்பு 2021-இல் நேர்ந்தது. இறந்தவர் 11 வயதுச் சிறுவன்.

கட்டி உண்டாக்கும் வைரஸ்கள்

மாரெக் நோய் வைரஸும் கோழி வெண்புற்று வைரஸும் பறவைகளில் கட்டிகளை உண்டாக்குபவை. இவற்றுக்கான எதிர்ப்பொருள்கள் கோழித் தொழிலாளர் சிலரிடம் காணப்பட்டுள்ளன. அமெரிக்க அறுப்புக்கூடத் தொழிலாளரைப் பற்றிய ஆய்வுகள் சிலவகைப் புற்றுநோய் இறப்புகள் அவர்களிடையே கூடுதல் எனக் கூறினாலும், அதற்கு இவ்வைரஸ்களே காரணம் என நிறுவப்படவில்லை. புகைப்பழக்கம், பணியிட வேதிப்பொருள்கள் ஆகியவற்றின் பங்கைப் பிரித்தறிவது கடினம்.

தடுப்பு

என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழு உடை ஆகியவை அடிப்படைப் பாதுகாப்புகள். இவற்றை வெப்பத்தில் அணிந்து வேலை செய்வது எளிதன்று. 2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோவில், 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெயிலில் கோழிகளை அழித்தோர் கவசங்களைச் சரிவர அணிய இயலாமல் தவித்தனர். அவர்களில் சிலருக்கு எச்5என்1 தொற்றியது.

நோயுற்ற பறவைகளைக் கையாண்டோரைப் பத்து நாள் கண்காணிப்பதும், ஒசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை முன்கூட்டியே கொடுப்பதும் வழக்கம். மனிதக் காய்ச்சல் வைரஸும் பறவை வைரஸும் ஒரே உடலில் கலந்து புது வகை தோன்றாதிருக்க, ஆண்டுதோறும் போடும் ஃபுளூ தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகிறது. ஹாங்காங் 2008 முதல் சில்லறைக் கடைகளில் உயிர்க்கோழிகளை இரவில் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 2024-இல் ஃபின்லாந்து, பண்ணைத் தொழிலாளர், கால்நடை மருத்துவர் உள்ளிட்டோருக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியையே வழங்கத் தொடங்கியது.