பொற்றலையும் போலியும்

சென்ற மார்கழியில், காட்டாங்குளத்தூர்க் கல்லூரி ஒன்றில் வகுப்பு முடித்து வெளியே வந்தபோது, மாணவி ஒருவர் கைநிறையப் பச்சிலையோடு எதிர்ப்பட்டார். "மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஐயா. விடுதி வாசல் பாத்தி முழுக்க மண்டிக் கிடக்கிறது. ஊருக்குப் போகும்போது அம்மாவுக்குக் கொண்டுபோகிறேன். சமைத்துத் தருவார்" என்றார். பூ மஞ்சள்தான். ஆனால் இலை நம்மைத் தயங்க வைத்தது. அந்தத் தயக்கத்தின் வரலாறே இக்கட்டுரை.

தமிழ் மரபு கரிசலாங்கண்ணியை இரண்டாக அறியும். ஒன்று வெள்ளைப்பூ உடையது. கரிசாலை, கையாந்தகரை என்பன அதன் பிற பெயர்கள். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானே முளைப்பது. கசக்கினால் சாறு கறுக்கும். அச்சாற்றில் துணியைத் தோய்த்து உலர்த்தித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்துப் பிடித்த கரியைத்தான் நம் பாட்டிமார் கண்மையாக இட்டனர். மற்றது மஞ்சள்பூ உடையது. அதைப் பொற்றலைக் கையாந்தகரை என்றது சித்த மருத்துவம். பொன்னிறத் தலையை உடையது என்பது பொருள். கீரைகளுள் கரிசலாங்கண்ணிக்கு வள்ளலார் (1823–1874) அளித்த உயர்விடம் பலரும் அறிந்ததே. பெயர் ஒன்று, நிறம் இரண்டு என்ற எளிய இலக்கணம் நெடுங்காலம் போதுமானதாக இருந்தது.

ஐரோப்பியர் ஏடுகளிலும் இவ்விரண்டும் சேர்ந்தே நுழைந்தன. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் பத்தாம் தொகுதி வெள்ளையைக் கையோன்னி என்றும், மஞ்சளை அதே பெயரின்முன் 'பீ' என்னும் அடை சேர்த்தும் குறிக்கிறது. அவ்வடை, நம் பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை ஆகியவற்றிலுள்ள 'பேய்' ஆகலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படியாயின், தமிழில் பொன் சூடிய செடி மலையாளக் கரையில் பேய் ஆகியிருக்கிறது!

1753இல் லின்னேயஸ் இரண்டையும் 'வெர்பெசினா' என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். 1771இல் வெள்ளைக்கு 'எக்லிப்டா' என்ற தனிப் பேரினம் கிடைத்தது. மஞ்சள் பின்னர் 'வெடேலியா' ஆயிற்று. தாவரவியல் இவ்வாறு பிரித்த இரண்டையும் சென்னையின் வேதியியல் மறுபடி இணைத்தது. 1956இல் மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய குழுவினரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் சேர்மம் ஒன்றை ஆராய்ந்து அதன் அமைப்பை வெளியிட்டனர். செடியின் பெயராலேயே அது 'வெடலோலாக்டோன்' எனப்பட்டது. அதே ஆண்டில் அச்சேர்மம் வெள்ளையிலும் இருப்பதைக் கண்டனர். இரண்டுக்கும் ஒரே பெயரிட்ட நம் முன்னோர் வெறும் தோற்றத்தை மட்டும் பார்க்கவில்லை என்று எண்ண இடமிருக்கிறது.

இந்த இருவர் வீட்டில் மூன்றாமவராகப் புகுந்தது, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு படர்செடி. சாலை நடுத்திட்டுகளிலும் வளாகப் பாத்திகளிலும் பச்சைக் கம்பளம்போல் விரிவது அதுவே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த, உலகின் மிகக் கொடிய 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. 1996இல் ஜான் புருஸ்கி என்ற தாவரவியலர் அதையும் நம் பொற்றலையையும் 'ஸ்ஃபாக்னெட்டிகோலா' என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். வெள்ளையைவிட இந்த அயலாரே பொற்றலைக்கு நெருங்கிய உறவு. கண் ஏமாறுவதில் வியப்பில்லை.

ஆகவே இனி நிறம் போதாது. இலையையும் படிக்க வேண்டும். பொற்றலையின் இலை நீண்டு குறுகியது, சொரசொரப்பானது. விளிம்பு பிளவுபடாதது, சிற்சில பற்கள் இருந்தால் உண்டு. அயற்செடியின் இலை தடித்துப் பளபளக்கும். நுனிப்பக்கம் மூன்று மடலாகப் பிரியும். பூவும் பெரிது.

வெள்ளையின் பக்கமும் ஒரு குழப்பம் உண்டு. வெட்டுக்காயப் பூண்டு எனவும் தாத்தாப்பூ எனவும் வழங்குவது, அதுவும் அமெரிக்கக் குடியேறி, கரிசாலையாகப் பறிக்கப்படுவதுண்டு. அதன் பூ நீண்ட காம்பில் தனித்து நிற்கும். நடுவில் மஞ்சள், சுற்றிலும் ஏறத்தாழ ஐந்து வெளிறிய இதழ்கள். கரிசாலையின் பூவோ முழுதும் வெண்மை, இதழ்கள் நூல்போல் மெலிந்து பல. தாத்தாப்பூவின் விதை மயிர்க்குச்சத்தால் காற்றில் பறக்கும். கரிசாலை விதைக்கு அது இல்லை. அக்குறையைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'எக்லிப்டா' என்ற பெயர் பிறந்தது.

மாணவியின் கையிலிருந்த இலை மூன்று மடல் கொண்டது. சொன்னதும் அவர் முகம் வாடியது. பின்னர் சேர்ந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்தோம். மதகருகே ஈரத்தில் வெள்ளைக் கரிசாலை இருந்தது. ஓர் இலையைப் பறித்துக் கசக்கினார். சற்று நேரத்தில் விரல் கறுத்தது. பொற்றலையை அன்று எங்கும் காணவில்லை. பெயர் ஊரில் இருக்கிறது. அப்பெயருக்குரிய செடியை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.