மாற்றிடமேறிய மார்பகப் புற்றுநோயில் சிகிச்சை இடைநிறுத்தம்

மாற்றிடமேறிய மார்பகப் புற்றுநோயில் சிகிச்சை இடைநிறுத்தம் என்பது, மார்பகத்தில் தோன்றி எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை முதலிய உறுப்புகளுக்குப் பரவிய புற்றுநோய்க்கு அளிக்கப்படும் தொடர் சிகிச்சை சில நாட்களோ மாதங்களோ தடைப்படுவதைக் குறிக்கும். இந்நிலையில் நோய் பொதுவாக முற்றிலும் குணமாவதில்லை. நோயைக் கட்டுப்படுத்தி வாழ்நாளை நீட்டிப்பதும் வாழ்க்கைத் தரத்தைப் பேணுவதுமே சிகிச்சையின் நோக்கமாகும். சிகிச்சை பல ஆண்டுகள் நீளக்கூடும் என்பதால் இடைநிறுத்தங்களும் நேர்கின்றன.

வகைகள்

இடைநிறுத்தம் இரு வகைப்படும். மருத்துவர் முடிவு செய்து நிறுத்துவது முதல் வகை. வெள்ளணுக்கள் குறைதல், கடும் வயிற்றுப்போக்கு, கை கால் மரத்துப்போதல், கல்லீரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகள் தணியும் வரை மருந்து நிறுத்தப்படுகின்றது. பால்போசிக்லிப் போன்ற சில மருந்துகளில் 21 நாட்கள் உட்கொண்டு 7 நாட்கள் விடுவது சிகிச்சை முறையின் ஒரு பகுதியே ஆகும். பணமின்மை, பயணத் தொலைவு, மருந்துத் தட்டுப்பாடு, துணைக்கு ஆளின்மை, ஊரடங்கு போன்றவற்றால் திட்டமிடாமல் நேர்வது இரண்டாம் வகை.

விளைவுகள்

இடைநிறுத்தத்தின் விளைவு மருந்தைப் பொறுத்து வேறுபடும். பக்கவிளைவு தணிவதற்காக மருத்துவர் ஓரிரு வாரம் தள்ளிவைப்பது சிகிச்சை தோற்றதாகப் பொருள்படாது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஏற்றப்படும் டிராசுட்டுசுமாப் ஒரு வாரத்திற்கு மேல் தவறினால், குருதியில் மருந்தின் அளவு குறைவதால், முதல் முறை தரப்பட்ட கூடிய அளவே மீண்டும் தரப்படுகின்றது. நீண்ட காலம் மருந்தின்றி இருந்தால் கட்டுப்பட்டிருந்த நோய் மீண்டும் வளரக்கூடும்.

சிதறாலும் 2020 ஊரடங்கும்

சமணர் மலைக்கோயிலால் அறியப்படும் சிதறால், கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அருகில் உள்ளது. இப்பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மாநிலம் மாறிய பின்னும், அருகிலுள்ள பெருநகரமான திருவனந்தபுரத்திற்கு மருத்துவத்திற்காகச் செல்லும் வழக்கம் தொடர்கின்றது. 1981இல் தொடங்கப்பட்ட அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் இம்மாவட்ட நோயாளிகளும் சிகிச்சை பெறுகின்றனர்.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது மாநிலங்களுக்கிடையிலான பேருந்துப் போக்குவரத்து நின்றது. களியக்காவிளை எல்லையைக் கடந்து செல்வது கடினமாயிற்று. சில மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய மருத்துவமனை, அனுமதிச் சீட்டின்றி எட்ட இயலாததாயிற்று. கேரளத்தில் நோயாளிகள் தத்தம் மாவட்ட மருத்துவமனைகளிலேயே வேதிச்சிகிச்சை பெற ஏற்பாடு செய்யப்பட்டது. தீயணைப்புத் துறையினர் மருந்துகளைக் கொண்டு சேர்த்தனர்.

இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் நடத்தப்பட்ட ஆய்வு 2021இல் வெளியானது. அதன்படி 2020 மார்ச் முதல் மே வரை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களை விடப் புதிய நோயாளர் பதிவு 54 விழுக்காடும், தொடர் வருகைகள் 46 விழுக்காடும், வெளிநோயாளர் வேதிச்சிகிச்சை 37 விழுக்காடும் குறைந்தன.

எதிர்கொள்ளும் முறைகள்

- நோயறிக்கை, பெற்ற மருந்துகள், அவற்றின் அளவு, கடைசியாகப் பெற்ற நாள் ஆகியவற்றின் படிகளை வீட்டில் வைத்திருத்தல். வேறு மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடர இவை இன்றியமையாதவை.
- மாத்திரை தீர்வதற்கு முன்பே அடுத்த வாங்கலைத் திட்டமிடல்.
- விடுபட்ட மாத்திரைக்கு ஈடாக அடுத்த வேளை இரட்டிப்பாக உட்கொள்ளாதிருத்தல். மருத்துவரைக் கேட்டே தொடர்தல்.
- குருதிப் பரிசோதனை, சில ஊசிகள் ஆகியவற்றை ஊருக்கு அருகில் பெற இயலுமா என முன்னரே கேட்டறிதல். இம்மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நெய்யூரில் புற்றுநோய் மையமும் உள்ளன.
- பணமின்மையால் நிறுத்த நேரிடும் எனில் அதனை மருத்துவரிடம் கூறுதல். விலை குறைந்த மாற்று மருந்தோ முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ பயன்படக்கூடும்.

சிகிச்சை நின்றிருக்கும் காலத்திலும் வலி தணிப்பு தொடர வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வழங்கப்படும் வலி தணிப்புச் சிகிச்சையும் அடங்கும். வேதிச்சிகிச்சை பெற்றவருக்கு 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், திடீர் முதுகுவலியுடன் கால் தளர்ச்சி, மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவை ஏற்பட்டால் அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.