போறவருக்கு வடை, வாறவருக்கு மடம்: பருத்தித்துறையை வாசித்தல்

பள்ளிக்கூடத்தில எங்களுக்குச் சொல்லித் தந்த யாழ்ப்பாண வரலாறு பெரும்பாலும் நல்லூரிலேயே நடக்கும். அரசன் இருந்தான், 1619இல் போர்த்துக்கேயர் பிடித்தார்கள், பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். சின்னப் பட்டினங்கள் அந்தக் கதைக்குள் வருவது குறைவு. ஆனால் யாழ்ப்பாணத்தில் 750 பஸ் ஏறி, வல்லை வெளிக் காற்றில தலைமயிர் கலைந்து, நெல்லியடி தாண்டிப் பருத்தித்துறையில் இறங்கினால், வரலாற்றை வேறு இடத்திலிருந்தும் தொடங்கலாம் என்று விளங்கும்.

முதலில் பெயரைப் பாருங்கோ. தமிழில் பருத்தித்துறை, அதாவது பருத்தி வணிகம் நடந்த துறை. ஆங்கிலத்தில் பொயின்ற் பேதுரு. இதைக் கேட்டவுடன் யாரோ பேதுரு என்ற ஆளின் பெயர் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது 'கற்களின் முனை' என்று பொருள்படும் போர்த்துக்கேயப் பெயர் திரிந்து வந்தது. கரையில் இருந்தவன் தன்ர தொழிலைப் பார்த்துப் பெயர் வைத்தான். கடலில் இருந்து வந்தவன் கப்பலை உடைக்கக்கூடிய கல்லைப் பார்த்துப் பெயர் வைத்தான். ஒரே கரைக்கு இரண்டு பார்வை.

அடுத்தது வடை. பருத்தித்துறை வடை என்றால் மெதுவடை இல்லை. உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, மெல்லிசாகத் தட்டி, மொறுமொறுவென்று பொரித்தெடுப்பது. தட்டை வடை என்றும் சொல்லுவினம். மெதுவடை பின்னேரத்துக்கே பழசாகிவிடும். இது காற்றுப் படாமல் கட்டி வைத்தால் நாள்க்கணக்கில் இருக்கும். அதனால்தான் கொழும்புக்குப் போற பையிலயும், கனடாவுக்குப் போற பெட்டியிலயும் இந்த வடைக்கு ஒரு மூலை ஒதுக்கப்படுகிறது. ஊரில் இருந்து தின்பதற்கு மட்டுமில்லாமல், ஊரைவிட்டுப் போகும்போது கொண்டுபோறதற்கும் ஏற்ற சாப்பாடு இது. பெரும்பாலும் வீடுகளில் பெண்கள் அடுப்படி வெக்கையில் நின்று சுடுவது. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த அவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வடை போறவருக்கு என்றால், மடம் வாறவருக்கு. தும்பளைப் பக்கம் போகும் வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. வீதியின் இரண்டு பக்கமும் கல் தூண்கள், திண்ணைகள். மேலே வீதியையே மூடின கூரை. கீழால வாகனம் போகும், ஓரத்தில வழிப்போக்கன் களைப்பாறலாம். மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் காலத்து வீதி. சுமை இறக்க மனிசருக்கு ஒரு கல், முதுகு தேய்க்க மாட்டுக்கு ஒரு கல். இன்றைக்கு வீதி அகலிக்கும்போது முதலில் இடிபடுவதும் இவைதான்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கடல் எல்லையாக இருக்கவில்லை, பாதையாகவே இருந்தது. பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், ஊர்க் கடலோடிகளோடு அத்திலாந்திக்கைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பிறகு அதே கடல் வேறு விதமாக மாறியது. 1987இல் வடமராட்சி இராணுவ நடவடிக்கை. 90களில் தரைப்பாதை அடைபட்டபோது, நோயாளிகளைத் திருகோணமலைக்கு ஏற்றிப்போகச் செஞ்சிலுவைக் கப்பல் வந்து நின்றது இந்தக் கடலில். 2004 மார்கழி 26ஆம் திகதி அதே கடல் ஊருக்குள் வந்தது. 1916இல் கட்டின வெளிச்சவீடு இதெல்லாவற்றையும் பார்த்தபடி நிற்கிறது.

பருத்தித்துறைச் சனம் கறார், காசில கவனம் என்று மற்ற ஊரார் பகிடி பண்ணுவினம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடலையும் பாதை அடைப்பையும் மாறி மாறிப் பார்த்த சனம் நாளைக்கும் ஏதாவது எடுத்து வைக்கத்தான் பார்க்கும். கெடாமல் இருக்கிற வடை அந்த ஊரில் பேர் எடுத்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

நாங்கள் வரலாறு என்று தேடிப்போவது கோட்டைகளையும் கல்வெட்டுகளையும். அவற்றைப் பார்க்கத் தொல்லியல் திணைக்களம் இருக்கிறது. வடையின் பக்குவம், மடத்தில் படுத்தெழும்பினவர்களின் கதை, கப்பல் ஏறினவர்களின் நினைவு இவற்றையெல்லாம் எழுதி வைக்க ஒரு திணைக்களமும் வராது. சொல்லக்கூடிய ஆட்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த முறை உங்கட ஊருக்குப் போகும்போது, படம் எடுக்க முதல் ஒரு அம்மம்மாவோட அரை மணித்தியாலம் கதைத்துப் பாருங்கோ. அதை எழுதியும் வையுங்கோ.