காது, மூக்கு, தொண்டை: காலை வரை காத்திருக்கலாமா, உடனே கிளம்ப வேண்டுமா?

காது வலி, மூக்கில் ரத்தம், தொண்டையில் முள். இதெல்லாம் இரவில் வந்தால்தான் நமக்குத் திண்டாட்டம். தெருமுனை கிளினிக் பூட்டியிருக்கும். உம்மம்மா ஒரு வைத்தியம் சொல்வார், பக்கத்து வீட்டில் வேறொன்று சொல்வார்கள். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை விடியும் வரை காத்திருக்கக் கூடியவைதான். சில மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாதவை. இதில் சிக்கல் என்னவென்றால், பார்க்கப் பயங்கரமாக இருப்பது பல நேரம் எளிதில் அடங்கிவிடும். சத்தமில்லாமல் இருப்பது கெடுத்துவிடும். எது எந்த வகை என்று நாம் முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மூக்கில் ரத்தம் வந்தால்

சட்டை நனைய ரத்தம் வந்தால் வீடே பதறும். ஆனால் 10 பேரில் 9 பேருக்கு அது மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில், நுண்ணிய ரத்தக் குழாய்கள் வலைபோல் கூடும் இடத்திலிருந்து வருவதுதான். விரலால் அழுத்தினாலே நிற்கக் கூடியது.

அழுத்தும் முறையில்தான் நாம் தவறு செய்கிறோம். அண்ணாந்து பார்க்கச் சொல்வது, படுக்க வைப்பது, தலையில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வயிற்றைக் குமட்டும். பிறகு ரத்த வாந்தி என்று இன்னொரு பயம். உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்யுங்கள். மூக்கின் எலும்பை அல்ல, அதற்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை இரு விரலால் இறுக்கிப் பிடியுங்கள். வாயால் மூச்சு விடட்டும். கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை.

இரண்டு முறை இப்படிச் செய்தும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மூக்கின் முன்பக்கத்தை விடத் தொண்டைக்குள் அதிகம் இறங்கினாலும், இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பிரஷர் ஏறிவிட்டது என்று வீட்டிலேயே ஒரு மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம். பதற்றத்திலேயே பிரஷர் ஏறித்தான் காட்டும்.

பந்து பட்டோ விழுந்தோ மூக்கில் அடிபட்ட பிள்ளைக்கு ரத்தம் நின்ற பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மூக்குத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுச்சுவரில் மெத்தென்று வீக்கம் தெரிந்தாலோ, மூக்கு அடைத்துக்கொண்டே இருந்தாலோ, உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதை ஓரிரு நாளுக்குள் வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்குத் தண்டு பள்ளமாகிவிடும்.

பட்டன் பேட்டரி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படித்து நினைவில் வைக்க முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும். பெருநாள் காசில் வாங்கிய பாட்டுப் பாடும் பொம்மை, ரிமோட், எடை பார்க்கும் கருவி எல்லாவற்றிலும் நாணயம் போன்ற தட்டைப் பேட்டரி இருக்கிறது. குழந்தை இதை விழுங்கி உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான தசையின் வழியே மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் சுண்ணாம்பு வெந்தது போன்ற கடுங்காரம் உருவாகிறது. 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். தீர்ந்துபோன பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும்.

முதலில் குழந்தை நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கும். பிறகு எச்சில் வடிப்பது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று சளி பிடித்ததைப் போலத் தோன்றும். எக்ஸ்ரேயில் நாணயம் ஒற்றை வட்டமாகவும் பேட்டரி ஓரத்தில் இரட்டை வட்டமாகவும் தெரியும். ஆகவே சந்தேகம் இருந்தாலே போதும், எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுக்காதீர்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கவும் முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் 6 முறை. தேன் பேட்டரியைச் சுற்றிப் பூச்சாகி எரிவின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதைத் தேடிக் கடைக்குப் போய் நேரத்தை இழக்க வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

இதே பேட்டரி மூக்கிலோ காதிலோ போனாலும் அவசரம் அதேதான். அங்கே சொட்டு மருந்தோ எண்ணெயோ தண்ணீரோ விடக் கூடாது.

மூக்கில் மணி, காதில் பூச்சி

மூக்கில் பாசிமணியோ கடலையோ போட்டுக்கொண்ட குழந்தைக்கு ஒரு எளிய முறை உண்டு. 1965ல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதியது. 'தாய் முத்தம்' என்று பெயர். உம்மா குழந்தையின் திறந்த வாயின் மேல் தன் வாயை இடைவெளியின்றிப் பொருத்தி, அடைபடாத மூக்கை விரலால் மூடிக்கொண்டு, மெல்ல ஊதித் தடை தெரிந்ததும் 'புஃப்' என்று ஒரு சிறு ஊதல் ஊத வேண்டும். 10ல் 6 குழந்தைகளுக்குப் பொருள் வெளியே வந்துவிடுகிறது. வராவிட்டால் ஹேர்பின், இடுக்கி என்று இறங்காதீர்கள். பொருள் உள்ளே போய்விடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி வரும் குழந்தைக்கு, நாம் யாரும் பார்க்காமல் எப்போதோ போட்டுக்கொண்ட ஏதோ ஒன்று உள்ளே இருக்கலாம்.

காதுக்குள் பூச்சி உயிரோடு துடித்தால், காதை மேல்நோக்கிச் சாய்த்துச் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விடலாம். பூச்சி அடங்கும்; எடுப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர், சீழ் வடிகிறவர் இதைச் செய்யக் கூடாது. பயறு, கடலை காதில் போயிருந்தால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பருத்துவிடும்.

காது வலிக்குப் பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடலாம். எடைக்கேற்ற பாரசிட்டமால் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் காலை வரை தூங்கிவிடுவார்கள். காதுக்குப் பின்னால் வீங்கி, காது மடல் முன்னால் தள்ளி நின்றால் மட்டும் காலை வரை பொறுக்கக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணினாலும், சர்க்கரை நோயுள்ள பெரியவருக்குத் தூங்க விடாத காதுவலி வந்தாலும் அப்படியே.

திடீரென்று ஒரு காது கேட்காவிட்டால்

வலி இல்லை, ரத்தம் இல்லை. காலையில் எழுந்து போனை வைத்தால் ஒரு காதில் கேட்கவில்லை. அழுக்கு அடைத்திருக்கும், சளியாக இருக்கும் என்று நாம் ஒரு மாதத்தைக் கடத்திவிடுகிறோம். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றே இருந்துவிடுவார். 3 நாளுக்குள் இப்படிக் கேள்வித்திறன் விழுந்தால் அது உள்காது பாதிப்பாக இருக்கலாம். அதற்குரிய ஸ்டீராய்டு மருந்தை முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம்.

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். கேட்காத காதின் பக்கமே ஓசை பலமாக இருந்தால் குறும்பி, சளி போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதின் பக்கம் பலமாக இருந்தால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். இது முடிவான பரிசோதனை அல்ல. எப்படி இருந்தாலும் ஓரிரு நாளுக்குள் காது மருத்துவரிடம் கேள்வித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.

தொண்டை

மீன் முள்ளுக்குச் சோற்று உருண்டை விழுங்குவது நம் கடலோர ஊர்களின் பழைய வைத்தியம். சிறு முள் சில நேரம் போய்விடும். குத்தி நிற்கும் முள் இன்னும் ஆழமாக இறங்கும். எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் குத்தினால் முள் அங்கேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூச்சுக்குத் தொந்தரவில்லை என்றால் காலையில் போகலாம். நெஞ்சு வலி, காய்ச்சல், கழுத்து வீக்கம், எச்சில்கூட விழுங்க முடியாமை இருந்தால் இரவே போக வேண்டும்.

தொண்டை வலியோடு எச்சில் வடிந்து, குரல் வாய்க்குள் சூடான உணவை வைத்துப் பேசுவது போல் மாறி, வாய் திறக்க முடியாவிட்டால் சீழ்க்கட்டி இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்து, குழந்தை முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தால் கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்க்கவே கூடாது. அழவைக்கவும் கூடாது, மூச்சுவழி அடைபடலாம். மடியில் உட்கார்த்தியபடியே தூக்கிக்கொண்டு போங்கள்.

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். போகும்போது சாப்பிட்டுவரும் மாத்திரைச் சீட்டையும், விழுங்கிய பொருளின் ஜோடி அல்லது பேட்டரியின் அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.