இராசராசப் பெரும்பள்ளி

திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்தின் அருகில், காடு சூழ்ந்த இடத்திலே செங்கற் கட்டடங்களின் இடிபாடுகளும், நின்ற கோலத்துப் புத்தர் சிலையொன்றும் உள்ளன. அயலூர்த் தமிழர் அவ்விடத்தை 'நாதனார் கோயில்' என வழங்கி வந்தனர். பெயரை மட்டும் கேட்போர் அதனைப் பழைய சிவாலயம் என்றே எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையானது. அங்குள்ள தமிழ்ச் சாசனங்களே அதனை மறுக்கின்றன.

1950களில் பரணவிதானவின் காலத்துத் தொல்லியற் பகுதியினர் அகழ்ந்தபோது இவ்விடத்தின் வரலாறு தெளிவுற்றது. வெல்கம் விகாரை எனப்பட்ட இப்பழைய பௌத்தப் பள்ளிக்குச் சோழராட்சியில் 'இராசராசப் பெரும்பள்ளி' என்னும் மறுபெயர் வழங்கிற்று. இராசராசன், இராசேந்திரன் காலத்துச் சாசனங்கள், இங்குள்ள புத்தர்முன் நந்தாவிளக்கெரிக்கத் தமிழ்ப் பெயருடையோர் பசுக்களைத் தானஞ் செய்தமையைக் கூறுகின்றன. இத்தகைய தானத்தின் முறை தமிழகத்துச் சாசனங்களால் நன்கு விளங்கும். ஒரு விளக்கிற்கு இத்தனை ஆடு அல்லது பசு என வகுத்து (ஆடாயின் பெரும்பாலும் 96) இடையரிடம் ஒப்படைப்பர்; அவர் நாள்தோறும் அளவுப்படி நெய் அளக்கக் கடமைப்பட்டவர். குட்டிகள் முதியவற்றின் இடத்தை நிரப்புதலின், அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். சிவன்முன் எரிந்த விளக்கும் புத்தர்முன் எரிந்த விளக்கும் ஒரே கணக்கில் நடைபெற்றன போலும்!

993ஆம் ஆண்டளவில் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றிய சோழர் அனுராதபுரத்து விகாரைகளைச் சூறையாடினர் என்பதைச் சிங்கள வரலாற்று நூல்கள் கூறும். அதனை மறைத்தல் வரலாறாகாது. ஆயினும் அவ்வரசனின் பெயரே இவ்விகாரைக்குச் சூட்டப்பெற்றது. நாகபட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்த சூடாமணிவர்ம விகாரையும் இராசராசப் பெரும்பள்ளி எனவே பெயர் பெற்றது. அதற்கு அவன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தமையை லெய்டன் செப்பேடுகள் கூறும். நாகபட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. பெரியகுளத்திலோ சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

சோழரை வென்று 1070இல் பொலன்னறுவையைக் கைப்பற்றிய விசயபாகு, இவ்விகாரையைத் திருத்துவித்தான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அவன் பெயரோ, இதே மாவட்டத்துக் கந்தளாயில், ஒரு சிவாலயத்திற்கு வழங்கிற்று. 'விசயராச ஈசுவரம்' என்னும் அக்கோயிலுக்குப் பார்ப்பனப் பெண்ணொருத்தி, இறந்த தன் கணவன் நினைவாகச் செய்த தானத்தைப் பாலமோட்டைத் தமிழ்ச் சாசனம் கூறுகின்றது. சோழன் பெயரிற் புத்தப்பள்ளி. சோழரை வென்றவன் பெயரிற் சிவன்கோயில். இந்நாளில் இடிபாடு ஒவ்வொன்றையும் இனத்துக்கொன்றாகப் பங்கிட முனைவோருக்கு இவ்விரண்டும் இடர் தருவனவே.

பாலமோட்டைத் தானத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் விடப்பட்டது. பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட மாளிகையைக் காப்பதாகத் தமிழிற் சாசனம் பொறித்தவரும் அவ்வேளைக்காரரே.