உடுவிலின் விடுதிப் பிள்ளைகள்

பெற்றவர்களைப் பிரிந்து அந்நிய வீட்டில் வளரும் பிள்ளையின் கதை சிறுவர் நாவலுக்கு நெடுங்காலமாகப் பழகிய பொருள். யொகான்னா ஸ்பைரியின் ‘ஹைடி’ 1880–81இல் வந்தது. இந்தியாவிலிருந்து லண்டன் விடுதிக்கு அனுப்பப்பட்டு, தகப்பன் இறந்ததும் அதே விடுதியில் வேலைக்காரியாகும் சிறுமியைப் பிரான்செஸ் பர்னெட் 1905இல் ‘சின்ன இளவரசி’யில் படைத்தார். இவை அச்சேறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்து உடுவிலில் பிள்ளைகள் அந்த வாழ்வை வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. மைரன் வின்ஸ்லோவும் மனைவி ஹரியெட்டும் 1820இல் உடுவிலில் குடியேறினர். 1824இல் அங்கே தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை ஆசியாவிலேயே முதலாவது எனப் பெயர் பெற்றது. இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி அதன் தொடர்ச்சி. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. ஆகவே ஏட்டைவிட ஊசியும் நூலுமே சிறுமிகளை மிசன் வளவுக்குள் இழுத்தன. தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் ஒருநாள் பெருமழையில் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே உண்டு தங்கினார்கள் என்றும், விடுதி அப்படித்தான் பிறந்தது என்றும் பள்ளியின் பழங்கதை சொல்கிறது. அந்த ஒருவேளைச் சோறு சிறிய விசயமன்று. கிறிஸ்தவர் வளவில் சமைத்ததை உண்டால் சாதி கெடும் என்பது ஊர் வழக்கு. உண்டபின் அந்தப் பிள்ளையைப் பழைய வீடு பழைய கண்ணோடு பார்க்காது.

சோற்றோடு பெயரும் மாறியது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளி தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று மிசனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த ஆண்கள் இரண்டு பெயரையும் சுமந்து புகழ் பெற்றார்கள். உடுவில் சிறுமிகள் பலருக்கு இந்தக் கொடைப்பெயரே மிசன் பதிவில் நிலைத்தது. தாய் கூப்பிட்ட பெயர் அதில் மறைந்துபோனது. இந்த ஏற்பாட்டில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். படிப்பை முடித்து மணம் செய்யும் பெண்ணுக்கு மிசனே சீதனமும் கொடுத்தது. மாப்பிள்ளை பெரும்பாலும் செமினரி மாணவன்.

பிரிவு எதிர்த்திசையிலும் நடந்தது. மிசனரிமார் தங்கள் பிள்ளைகளை வளர்ப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்புவது வழக்கம். வின்ஸ்லோ தம்பதியின் மகனாக உடுவில் மிசன் வீட்டில் வளர்ந்த சார்ள்ஸுக்கு அமெரிக்காதான் அந்நிய நாடு. அங்கே போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகுமுன், 1832இல், 11 வயதில் நியூயோர்க்கில் இறந்தான். தாய் ஹரியெட் அடுத்த ஆண்டு சனவரியில் உடுவிலில் கண்மூடினார். சார்ள்ஸின் வாழ்க்கையை அமெரிக்கத் துண்டுப்பிரசுரச் சங்கம் சிறுவர்க்கான சிறு நூலாக வெளியிட்டது. பக்தியுள்ள பிள்ளை எப்படி இறந்தான் என்று காட்டுவது அக்கால மிசன் நூல்களின் நோக்கம். கடல் கடந்த பிள்ளையின் தனிமைக்கு அவற்றில் இடம் குறைவு.

இத்தகைய கதைகளுக்குப் பிள்ளைகளின் மனத்தை ஆளும் வல்லமை இருந்தது. மிசனரியாகப் புறப்பட்டு 1812இல் மொரீசியசில் 19 வயதில் இறந்த ஹரியெட் நியூவெலின் கதையை நியூயோர்க்கில் பூமிசாத்திர வகுப்பொன்றில் கேட்ட எட்டு வயதுச் சிறுமி, தானும் போவதென்று முடிவெடுத்தாள். அவளே எலைசா அக்னியூ. பெற்றோர் இறந்தபின் 1840இல் யாழ்ப்பாணம் வந்தார். 1879 வரை உடுவில் பள்ளியை நடத்தினார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குக் கற்பித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவிகள். ‘ஆயிரம் பெண்களின் தாய்’ என்று அழைக்கப்பட்ட அவர், ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே மறைந்தார்.

உடுவில் சிறுமிகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மிசனரிமாரே. வாசித்தவர்கள் அமெரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். முதல் இரவு விடுதிப் பாயில் படுத்த பிள்ளை என்ன நினைத்தாள் என்பதை அவள் வாயாலேயே கேட்க அந்த நூல்கள் உதவுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்ணொருத்தி மணமாகிப் போன வீட்டில் படும் துயரம் 1914இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் தமிழ் நாவலாக வந்தது. அது சிறுவர்க்கு எழுதியதன்று. ஆனால் எழுதிய மங்களநாயகம் தம்பையா அதே மண்ணின் பெண்.